காசிம் நானா காத்த நாய்

போன மாதம் எங்கள் ஒழுங்கைக்கு மாநகரசபையின் வெள்ளை வான் ஒன்று வந்தது. இரண்டு இளம்பெண்கள் இறங்கினார்கள். தெருநாய்களை பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டு, ஊசி போட்டு, காதில் ஓர் அடையாளம் வைத்து, தலையைத் தடவி அனுப்பினார்கள். கேற்றில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு வந்த வாழ்வை நினைத்துச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "இவரும் உங்க டிப்பார்ட்மெண்ட்தான். அந்தக் காலத்தில கண்டியில நாய் சுட்டவர்" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

"உண்மையா அங்கிள்? எப்படித்தான் மனசு வந்திச்சோ!" என்றாள் ஒருத்தி.

"மனசக் கேட்டு யாரும் சம்பளம் குடுக்கலயேம்மா" என்றேன்.

மற்றவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுட வேணாம்னு நினைச்ச நாய் ஒண்ணாவது இருந்திச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். அதற்குள் சாரதி ஹோர்ன் அடிக்க, பிள்ளைகள் போய்விட்டார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது தெல்தெனியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். தொண்டர் படைக்கு ஆள் எடுக்கிறார்கள், காலுக்குச் சப்பாத்தும் கொடுக்கிறார்கள் என்றார்கள். ராஜபக்தி ஒன்றும் இல்லை, சப்பாத்துக்காகத்தான் போய்ச் சேர்ந்தேன். பாலத்துக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் காவல் நின்றதுதான் நான் செய்த யுத்தம். யப்பான்காரன் என் பக்கம் வரவேயில்லை. சுட்டதெல்லாம் அட்டைப் பலகை. குறி தவறினால் பலகைக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவன் சிவப்புக் கொடியை ஆட்டுவான். எனக்காக அந்தக் கொடி ஆடியது ரொம்பக் குறைவு. ஒரு வருஷம் முதலாவதாக வந்ததற்கு வெள்ளிக் கரண்டி ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். என் மனைவி அதில் கடைசிவரை தேயிலைக்குச் சீனி கலக்கினாள்.

யுத்தம் முடிந்ததும் படையைக் கலைத்தார்கள். எங்கள் கெப்டன் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை. போகிற போக்கில் மாநகரசபையில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நாய் சுட ஆள் வேண்டியிருந்தது. நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவனுக்கு சமாதான காலத்தில் வேறு என்ன வேலை கிடைக்கும்? பிறகு சுதந்திரம் வந்தது. புதுக் கொடி ஏறிய கையோடு தோட்டத்துத் தமிழனான நான் இந்தியனா, இந்த நாட்டுக்காரனா என்ற கேள்வியும் வந்தது. ராஜாவுக்காகத் துப்பாக்கி தூக்கியபோது யாருக்கும் தோன்றாத கேள்வி அது. பிரஜாவுரிமை வந்து சேரும்வரை நாட்கூலியாகவே வைத்திருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லப் போனால் நாய்க் கதை நின்றுவிடும்.

வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதல் நாள் பின்னேரம் பறை அடித்து, நாய்களைக் கட்டி வையுங்கள் என்று தெருத்தெருவாக அறிவிப்பார்கள். மறுநாள் விடிந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்குமுன் நாங்கள் போவோம். சுருக்குத் தடியோடு ஒருவர், கைவண்டியோடு ஒருவர், துப்பாக்கியோடு நான். பௌர்ணமிப் போயா தினத்தில் இல்லை, பெரஹரா ஊர்வல நாட்களில் இல்லை, புத்தரின் பல் இருக்கும் மாளிகாவைப் பக்கம் எப்போதுமே இல்லை. கல்லுத் தெருவில் சுடக்கூடாது. குண்டு தெறித்து யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகும் என்று தெரியாது. நாய்க்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். கண்டியில் அதற்குப் பஞ்சமில்லை, திரும்பிய பக்கமெல்லாம் மண்மேடுதான். மேட்டோரம் நாய் வரும்வரை காத்திருந்து மெல்ல ஒரு விசில் அடிப்பேன். அது நின்று என்னைப் பார்க்கும். அந்த நேரம் நெற்றியில் ஒன்று. துடிக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

கழுத்தில் பட்டி இருந்தால் அது வீட்டு நாய், தொடக்கூடாது. இது சட்டம். கண்டிச் சனத்துக்கு உயிர்க்கொலை பிடிக்காது. பறைச் சத்தம் கேட்டதும் பெண்கள் ஓடிவந்து, கையில் அகப்பட்டதைத் தெருநாயின் கழுத்தில் கட்டுவார்கள். சேலைக் கரை, ரிப்பன், தும்புக் கயிறு, எது கிடைத்தாலும் பட்டிதான். "மே அபே பல்லா", எங்கள் நாய் என்று நெஞ்சில் அடித்துச் சொல்வார்கள். ஒரு சொறிநாய்க்கு மூன்று வீட்டுக்காரர்கள் சொந்தம் கொண்டாடியதை நான் கண்டிருக்கிறேன். நாங்களும் சிரித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவோம்.

அப்படியிருக்கையில் புதிய சுகாதார வைத்திய அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உயரம், எப்போதும் வெள்ளைக் காற்சட்டை. மாநகரசபைக் கந்தோருக்குள் வந்ததும் கை கழுவுவார், போகும்போதும் கழுவுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கட்டளையை ஒரு தரம்தான் சொல்வார். சொல்லிவிட்டு, "இப்ப நீர் சொல்லும்" என்பார். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. படையிலும் இதே பழக்கம் இருந்ததால் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. மற்றவர்கள் அவரைக் கண்டால் வேறு பக்கமாக நழுவுவார்கள்.

வந்த கிழமையே என்னைக் கூப்பிட்டார். "உமக்கு நல்லாச் சுட வருமாம். இனிமேல் தலையிலை சுடாதையும்."

"நெத்தியில சுட்டாத்தாங்க ஐயா நாய் துடிக்காது."

"விசர் இருக்கோ இல்லையோ எண்டு மூளையிலைதான் பாக்கிறது. நீர் மூளையைச் சிதறடிச்சுப்போட்டு எனக்குக் கணக்குக்கு வாலைக் கொண்டந்து தாறீர். அதை வைச்சு நான் என்ன செய்யிறது? நெஞ்சிலை சுடும். இப்ப சொல்லும் பாப்பம்."

"நெஞ்சில சுடணும் ஐயா. தலையில சுடக்கூடாது" என்றேன். கர்வம் அன்றோடு இறங்கியது.

இனி காசிம் நானாவுக்கு வருகிறேன். அக்குறணை முஸ்லிம், எங்களுக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். கட்டுகஸ்தோட்டை வீதியில் கயிறு, சாக்கு, வாளி, சங்கிலி விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் சின்ன முற்றம், அதற்குப் பின்னால் செங்குத்தாக மண்மேடு. நாலு ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே மகள் பரீதா. ஏழெட்டு வயதிருக்கும். கடையில் கயிற்றுச் சுருள்களுக்கு மேல் ஏறி உட்கார்ந்து வாடிக்கையாளரோடு பேரம் பேசும். அந்தப் பிள்ளையை ஒரு நாள் கடை வாசலில் வைத்து நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது.

தகவல் கிடைத்து டாக்டரும் நாங்களும் போனோம். டாக்டர் தானே குந்தியிருந்து, சவர்க்காரம் போட்டு, காயத்தை நெடுநேரம் கழுவினார். நாயைச் சுருக்குத் தடியால் பிடித்தோம். கழுத்தில் நீல ரிப்பன் இருந்தது. ஆனால் அன்றைக்கு அதற்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. மூன்று மாதம் முன்னால் அதே நாய்க்காக என்னோடு சண்டை பிடித்த அம்மா, கதவைச் சாத்திக்கொண்டார்.

நாய் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இறைச்சித் துண்டு போட்டால் தின்றது, தண்ணீர் வைத்தால் குடித்தது. விசர் நாய்க்கடிக்கு, அதாவது வெறிநாய்க்கடிக்கு, அப்போது வயிற்றைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. அந்த ஊசியாலேயே கைகால் இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. தேவையில்லாமல் ஒரு பிள்ளைக்கு அதைப் போட டாக்டர் விரும்பவில்லை. காசிம் நானாவிடம் அதையும் விளக்கிவிட்டுச் சொன்னார்: "நாயைக் கட்டி வைச்சுப் பாப்பம். பத்து நாள் நாய் உயிரோடை இருந்துதெண்டால் பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. ஒரு பயமும் இல்லை."

"நாயி உசுரோட ஈந்தா புள்ளக்கி ஒண்ணுமில்ல?" என்று கேட்டார் காசிம் நானா.

"ஓம்."

"அப்ப நாய நானே வெச்சிப் பாக்குறேன் டாக்டர். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கட்ட இடம் இல்லாமல் முழித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய நிம்மதியாகப் போயிற்று. கடையிலிருந்தே கனத்த சங்கிலி ஒன்று எடுத்து, மண்மேட்டோரம் நின்ற பலாமரத்தில் கட்டினோம். தினமும் காலையில் போய்ப் பார்த்துவருவது என் வேலை.

முதல் நாளே எனக்கு ஆச்சரியம். நாய்க்கு மேலே தகரத்தில் ஒரு கூரை. மார்க்கெட்டில் வாங்கிய நல்ல மாட்டிறைச்சி. ஆட்டுப்பால். அவர்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும். காசிம் நானா நாய்க்குச் சாப்பாடு வைக்கும் ஒவ்வொரு முறையும் கிணற்றடியில் குந்திக்கொண்டு அப்படியே கழுவினார். கழுவிக் கழுவிக் கையெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தெருவில் கேலி செய்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. தொழப் புறப்படும்போதுகூட முற்றத்துப் பக்கம் காது கொடுத்து நிற்பார். நாய் குரைத்தால், "நல்லா ஈக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மகள் மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன். சங்கிலியில் கிடக்கும் வாயில்லாச் சீவன் மேல் இரக்கம் என்றும் நினைத்தேன். இரண்டும் இருந்தன. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அது எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலை போனபோது நாய் குரைக்கவில்லை. "தூங்குது" என்றார் காசிம் நானா. சாப்பாட்டுத் தட்டு காலியாக இருந்தது. அடுத்த நாளும் தட்டு காலி. ஆனால் நாய் மரத்துக்குப் பின்னால் நிழலில் ஒடுங்கிக் கிடந்தது. கிட்டப் போக விடாமல் என்னைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அதற்கு அடுத்த நாள் நான் கடை வழியாகப் போகாமல் பக்கத்து ஒழுங்கையால் முற்றத்துக்குள் நுழைந்தேன்.

காசிம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாய்க்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். ஒரு கையால் அதன் தலையைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை வாயில் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பால் உள்ளே போகவில்லை. நாயின் கீழ்த்தாடை தொங்கியிருந்தது. பாலும் எச்சிலும் அவர் முழங்கைவரை வழிந்தது.

"நானா! கைய எடுங்க!"

"கத்தாதீங்க தம்பி, பயப்படும். மெல்ல மெல்லக் குடிக்கும்."

"அது விசரு நானா. இனி அது குடிக்காது. பின்னுக்கு வாங்க, உங்களுக்கும் ஆபத்து."

அவர் பின்னுக்கு வரவில்லை. என் தோளில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார். எழுந்து நாயை மறைத்துக்கொண்டு நின்றார். "இது மவுத்தானா என் புள்ள மவுத்தாகிடும். டாக்டரே சொன்னது. நீங்களும் கேட்டுட்டு ஈந்தீங்கதானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன், அவரும் கேட்டார். நாய் தப்பினால் அதற்கு நோய் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நாயின் உயிரில்தான் மகளின் உயிர் தொங்குகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நாயைக் காப்பாற்றிவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றியதாகிவிடும். அதற்காகத்தான் அந்தப் பால், அந்தத் தகரக் கூரை, அவரே கொட்டிவிட்டு வைத்த அந்தக் காலித் தட்டுகள். 

டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். ஜீப்பில் வந்தார். நாயைத் தூரத்திலிருந்து பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கடைக்குள் ஒரு சாக்கு மூட்டையில் உட்கார்ந்து, காசிம் நானாவையும் உட்காரச் சொன்னார்.

"நாய்க்கு விசர் எண்டால், கடிச்ச அண்டைக்கே அது பிள்ளையின்ரை உடம்புக்குள்ளை போட்டுது. நாய் இருந்தாலும் செத்தாலும் பிள்ளைக்கு ஒண்டுதான். நாய் எங்களுக்கு அடையாளம் மட்டும்தான். இப்ப ஊசி தொடங்கவேணும். இண்டைக்கே. பிள்ளைக்கும் உங்களுக்கும்."

"நாயி இன்னம் உசுரோட ஈக்குதே டாக்டர். பத்து நாள் ஆகலயே. ஊசியால கால் இழுத்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "ஓம், சொன்னனான். என்ரை ஆக்களெல்லாரையும் திருப்பிச் சொல்ல வைக்கிறனான். உங்களை மட்டும் கேக்காமல் போட்டன். பிழை என்ரை" என்றார். அந்த மனிதர் 'பிழை' என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அதற்கும் காசிம் நானா மசியவில்லை. நாயைச் சுடக்கூடாது, பிள்ளையைத் தரமாட்டேன் என்று ஒரே பிடி. அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க நாயப் பாத்துக்குங்க. புள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பரீதாவின் கையைப் பிடித்து, யாரையும் பார்க்காமல் போய் ஜீப்பில் ஏறினார். ஜீப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. போகுமுன் டாக்டர் என்னிடம், "முடிச்சுப்போட்டுத் தலையை எடுத்துக்கொண்டு வாரும். நெஞ்சிலை" என்றார். திருப்பிச் சொல்லக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

முற்றத்தில் நானும் காசிம் நானாவும் நாயும்தான். அவர் மறுபடியும் நாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சங்கிலி எட்டுகிற தூரம்தான். நாய் தள்ளாடி எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் குரைப்பே இல்லை.

"நானா, சங்கிலிக்கு இந்தப் பக்கமாவது வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வந்தா சுடுவீங்க."

"சுடமாட்டேன். நீங்க சொல்ற வரைக்கும் சுடமாட்டேன்."

"டாக்டர் சொல்லிட்டாரே?"

"சொன்னாரு. நேரம் சொல்லலயே" என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சங்கிலி எட்டாத தூரத்துக்கு வந்தார். வந்து எனக்கும் நாய்க்கும் நடுவில், தரையில் உட்கார்ந்துகொண்டார். "புள்ளக்கி ஊசி உள்ளுக்குப் போகட்டும். அது வரைக்கும் இது ஈக்கணும். பெறகு நீங்க உங்க வேலயப் பாருங்க."

அந்தக் கணக்கு எந்த வைத்தியப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் ஒரு தகப்பனின் கணக்கு வேறு எப்படி இருக்கும்? டாக்டரையும் நம்பினார், நாயையும் விடவில்லை. நான் துப்பாக்கியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படையிலும் சபையிலும் எத்தனையோ நேரம் துப்பாக்கியோடு காத்திருந்திருக்கிறேன். குறி வைத்த உயிர் போய்விடக்கூடாதே என்று காத்திருந்தது அன்றுதான். நாய் கண்ணை மூடும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடிப்பார், நானும் பிடிப்பேன். நடுவில் ஒரு தரம், "உங்களுக்குப் புள்ள ஈக்குதா தம்பி?" என்று கேட்டார். இரண்டு என்றேன். 

வெயில் ஏறிய பிறகு கந்தோர்ப் பியோன் சைக்கிளில் வந்தான். "முதல் ஊசி போட்டாச்சாம். நானாவையும் உடனே வரச் சொன்னாங்க."

காசிம் நானா எழுந்தார். கிணற்றடிக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டிக் குந்திக்கொண்டு கை கழுவத் தொடங்கினார். நாய்க்குப் பின்னால் மண்மேடு சரியாக இருந்தது. விசில் அடிக்கத் தேவையிருக்கவில்லை, அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தேன்.  நெஞ்சில் சுட்டேன். சத்தம் கேட்டும் காசிம் நானா திரும்பவில்லை, கழுவிக்கொண்டேயிருந்தார்.

தலையைத் தகரப் பெட்டியில் ஐஸ் நிரப்பி வைத்து, கொழும்புக்கு ரயிலில் அனுப்பினோம். விசர்தான் என்று பதில் வந்தது. வாப்பாவும் மகளும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதினான்கு ஊசியும் போட்டுக்கொண்டார்கள். அவர் கைகளைப் பார்த்த டாக்டர், "இப்பிடிக் கழுவினதும் உங்களைக் காப்பாத்தும்" என்றாராம். என்னிடம் தனியாகச் சொன்னது வேறு. பிள்ளைக்குக் கடிபட்டு ஒரு கிழமை, ஏழு நாள், கழித்துத்தான் ஊசி தொடங்கியிருக்கிறது. நோய் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தும் வரும். வந்தால் முதலில் தண்ணீரைக் கண்டு பயப்படுவாள். வந்தபிறகு மருந்து இல்லை.

எனக்கு விஞ்ஞானம் தெரியும். நாயைச் சுட்டதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் இரவில் படுத்தால், அந்தப் பிள்ளையையே சுட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது. காலையில் வேலைக்குக் குறுக்குப் பாதையால் போகிறவன், கட்டுகஸ்தோட்டை வீதியால் சுற்றிப் போகத் தொடங்கினேன். கடை வாசலில் பரீதாவைக் கண்டால் அன்றைக்கு வேலை ஓடும். காணாவிட்டால் நாள் முழுக்க ஒன்றும் ஓடாது. காசிம் நானா என்னோடு பேசவில்லை. நான் வருவது தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிறு அளப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு காலை அவளைக் காணவில்லை.  கடைக்கு எதிரே நின்றுவிட்டேன். காசிம் நானா கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலேயே உள்ளுக்குப் பார்த்து, "பரீதா, தண்ணி எடுத்துட்டு வெளிய வா" என்று கூப்பிட்டார். பாதி பின்னிய தலையோடு, கையில் ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்தாள். "குடி" என்றார். வாசல்படியில் நின்று, கோப்பை காலியாகும்வரை குடித்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மாதங்கள் போயின. மழை பெய்தாலும், நோன்பு மாதம் தவிர, நான் அந்த வழியால் வரும் நேரத்துக்கு அவள் கோப்பையோடு வாசலில் நின்றாள். அவர் ஒருநாளும் என் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு நாள் பிள்ளைக்கு அலுத்துப்போயிற்று. "ஏன் வாப்பா நான் தெனமும் இங்க வந்து தண்ணி குடிக்கணும்?" என்று சிணுங்கியது வீதிவரை கேட்டது.

"குடி மகள்" என்றார் காசிம் நானா. "நீ குடிச்சாத்தான் அவரு வேலக்கிப் போவாரு."

அவள் குடித்தாள். நான் வேலைக்குப் போனேன்.